வேரும் மண்ணும் நுண்ணங்கிகளும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியா, வெலிமடைப் பக்கங்களில் மரக்கறி செய்பவர்கள், சிறு தேயிலைக் காணி வைத்திருப்பவர்கள், லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டிருப்பவர்கள், என்னிடம் விவசாயம் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் என்று பலரும் கேட்ட கேள்விகள் இவை. ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் கேட்டபடியே எழுதி, கீழே பதிலைச் சேர்த்திருக்கிறேன். ஒன்றைத் தொட்டு ஒன்று வருவதால் மேலிருந்து வாசிப்பது நல்லது.

மண்ணுன்னா எல்லாம் ஒரே மண்ணுதானே டீச்சர்? வேர் பக்கத்துல இருக்கிற மண்ணுல அப்படி என்ன விசேசம்?

பாத்தி ஓரத்தில் இருக்கிற புல் ஒன்றை மண் கிளறும் முள்ளால் கிளப்பி, வேரோடு எடுத்து உதறிப் பாருங்கள். பெரிய கட்டிகள் எல்லாம் விழுந்துவிடும். ஆனால் மெல்லிய வேர்களைச் சுற்றி, எவ்வளவு உதறினாலும் விழாத ஒரு மண் உறை இருக்கும். விரலால் தேய்த்தால் கொஞ்சம் வழவழப்பாகவும் இருக்கும். வேர் நுனி விடும் பசையும், வேர்மயிர்களும், நுண்ணங்கிகள் சுரப்பவையும் சேர்ந்து அந்த மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன.

இதைத்தான் வேர்மண்டலம் என்கிறோம். தடிப்பு சில மில்லிமீற்றர்தான். ஆனால் இரண்டு அங்குலம் தள்ளி இருக்கும் மண்ணைவிட இங்கே பற்றீரியாக்கள் பல மடங்கு அதிகம். புளிப்பும் வேறு. புளிப்பைக் காட்டும் எண் பீ.எச்., அது குறையக் குறையப் புளிப்பு கூடும். வேர்மண்டலத்தின் பீ.எச். அளவு சுற்றியுள்ள மண்ணைவிட ஒன்று, சில வேளை இரண்டு அலகு கூடியோ குறைந்தோ இருக்கலாம். நீங்கள் போடும் பசளை முழுக் காணிக்கும் போகிறது. செடிக்கு அது கிடைக்குமா இல்லையா என்பது இந்தச் சில மில்லிமீற்றரில்தான் முடிவாகிறது. கீழே வரும் பதில்கள் எல்லாமே இதைச் சுற்றித்தான்.

வேர் மண்ணுக்குச் சீனி விடுதுன்னு மகளோட புத்தகத்துல இருக்கு. கஷ்டப்பட்டுச் செஞ்ச சாப்பாட்டைச் செடி ஏன் வெளியே விடணும்?

புத்தகத்தில் இருப்பது சரிதான். ஒளித்தொகுப்பில் இலை செய்யும் காபனில் கணிசமான பங்கு வேருக்கு இறங்குகிறது. அதில் ஒரு பகுதி சீனிகளாகவும், சேதன அமிலங்களாகவும், அமினோ அமிலங்களாகவும் வேரிலிருந்து மண்ணுக்குப் போகிறது. கொஞ்சம் தானாகக் கசிவது. மீதியைச் செடி ஒரு தேவைக்காகவே விடுகிறது.

மண்ணில் இருக்கும் பற்றீரியாக்களில் பெரும்பாலானவை சாப்பாடு இல்லாமல் சும்மா கிடப்பவை. வேர் வந்து சீனியை விட்டதும் அவை எழும்பிப் பெருகுகின்றன. பெருக நைதரசன் வேண்டும், அதனால் பக்கத்தில் இருக்கும் மக்கை, அதாவது மண்ணில் இற்றுப்போன இலை தழையை, உடைக்கின்றன. அப்புறம் அந்தப் பற்றீரியாக்களை அமீபா போன்ற ஒருகல உயிர்களும் சிறு வட்டப்புழுக்களும் தின்கின்றன. தின்றவை தமக்கு மிஞ்சிய நைதரசனை அமோனியமாக வெளியே விடும்போது வேர் அதை எடுத்துக்கொள்கிறது. சேதன அமிலங்களின் வேலை வேறு, அது பொசுபரசு பற்றிய கேள்வியில் வரும்.

எங்க மண்ணு நல்ல சிவப்பு. சிவப்பு மண்ணுன்னா சத்தான மண்ணுதானே?

சிவப்புக்குக் காரணம் இரும்பு ஒட்சைட்டு. அது சத்தின் அடையாளமில்லை, பழைய மண்ணின் அடையாளம். மலைநாட்டின் அடிப்பாறை உலகின் மிகப் பழைய பாறை வகைகளைச் சேர்ந்தது. அதன்மேல் காலம் காலமாக மழை கொட்டுகிறது. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது. அந்தத் தண்ணீர் கல்சியம், மக்னீசியம், பொற்றாசியம் ஆகியவற்றை அள்ளிக்கொண்டு போக, கரையாத இரும்பும் அலுமினியமும் தங்கிவிட்டன. ஈரவலய மலைகளில் நாம் மிதிப்பது பெரும்பாலும் செம்மஞ்சள் பொட்சோலிக் மண்.

இந்த மண்ணின் களி பெரும்பாலும் கயோலினைற்று வகை. அதற்குச் சத்துகளைப் பிடித்து வைக்கும் சக்தி குறைவு. அதனால் அந்த வேலையில் பெரும் பங்கை மேல்மண்ணில் இருக்கும் மக்குத்தான் செய்கிறது. மழைக்குக் கானில் சிவப்பாக ஓடும் தண்ணீரைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைப்பது அதனால்தான். பசளைக்குத் திரும்பக் காசு கொடுக்கலாம். மேல்மண்ணை எந்தக் கடையில் வாங்குவது?

பாறை மேலேயே மரம் வளருதே. வேர் கல்லையும் சாப்பிடுமா?

ஒரு விதத்தில் ஆமாம். நம் பாறைகளில் மைக்காவும் பெல்ட்ஸ்பாரும் இருக்கின்றன, இரண்டிலும் பொற்றாசியம் இருக்கிறது. மைக்கா தாள் தாளாக அடுக்கிய கனிமம், பொற்றாசியம் அந்தத் தாள்களுக்கு இடையில் சிக்கியிருக்கும். வேர் தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து பொற்றாசியத்தை எடுத்து எடுத்துக் குறைக்கும்போது, அதை ஈடுசெய்யத் தாள்களின் விளிம்பிலிருந்து பொற்றாசியம் வெளியே வருகிறது. வேரும் நுண்ணங்கிகளும் விடும் அமிலம் இதை இன்னும் வேகப்படுத்துகிறது.

ஆனால் இதை நம்பிப் பொற்றாசியப் பசளையை நிறுத்த வேண்டாம். காட்டு மரத்துக்கு இந்த வேகம் போதும், ஏனென்றால் அதன் இலை அங்கேயே விழுந்து மக்குகிறது. நாம் வாரா வாரம் கொழுந்தை எடுத்து வெளியே அனுப்புகிறோம்.

தேயிலை இந்தப் புளிச்ச மண்ணுல செழிப்பா நிக்குது. பக்கத்துப் பாத்தியில கோவா மட்டும் ஏன் வளர மாட்டேங்குது?

பீ.எச். 5க்குக் கீழே இறங்கும்போது களியில் அடங்கியிருந்த அலுமினியம் கரையத் தொடங்குகிறது. கரைந்த அலுமினியம் பெரும்பாலான செடிகளுக்கு நஞ்சு, முதலில் அடிவாங்குவது வேர் நுனி. அப்படிப் பாதித்த வேர் கட்டையாக, தடித்து, பழுப்பாக இருக்கும், மெல்லிய கிளை வேர்கள் இருக்காது. மேலே பார்ப்பவருக்குப் பசளைக் குறைவு மாதிரித் தெரியும். பசளை போட்டாலும் எடுக்க வேர் இல்லை.

தேயிலை விதிவிலக்கு. அது அலுமினியத்தை உறிஞ்சி, உள்ளேயே சேதன அமிலங்களோடும் கற்றெக்கின்கள் என்ற துவர்ப்புப் பொருள்களோடும் கட்டி, முற்றிய இலைகளில் ஒதுக்கி வைக்கிறது. கொஞ்சம் அலுமினியம் இருந்தால் தேயிலை வேர் இன்னும் நன்றாக வளர்வதையே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நைதரசனையும் தேயிலை நைத்திரேற்றைவிட அமோனியமாக எடுக்கவே விரும்புகிறது, புளிப்பு மண்ணில் அமோனியம்தான் அதிக நாள் தங்கும். தேயிலைக்கு ஏற்ற பீ.எச். 4.5 முதல் 5.5 வரை. கோவாவுக்கு 6க்கு மேல் வேண்டும்.

அப்போ அந்த அலுமினியம் நம்ம தேத்தண்ணியில வருமா?

கொஞ்சம் வரும். ஆனால் அலுமினியம் சேர்வது முற்றிய இலையில். ஒரு கிலோ உலர்ந்த முற்றிய இலையில் 10 கிராமுக்கு மேல்கூட இருக்கலாம், இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளும் கொழுந்தில் அதைவிட மிகக் குறைவு. தேத்தண்ணியில் இறங்குவதிலும் மிகச் சிறிய பங்கைத்தான் குடல் உறிஞ்சுகிறது. சுகமாக இருப்பவர்கள் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

தேயிலைக்குப் புளிப்புப் பிடிக்கும்னு சொல்றீங்க. பிறகு ஏன் தோட்டத்துல டொலமைட் போடுறாங்க?

புளிப்புப் பிடிக்கும் என்றால் எவ்வளவு புளிப்பும் பிடிக்கும் என்று அர்த்தமில்லை. யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் மண்ணில் விழுந்ததும் ஒரு கூட்டம் பற்றீரியாக்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. அந்த மாற்றத்தில் அமிலம் பிறக்கிறது. வருடக்கணக்கில் இது நடந்தால் பீ.எச். 4க்கும் கீழே போகலாம், அங்கே தேயிலை வேரும் திணறும். அதோடு மழை அள்ளிக்கொண்டு போன மக்னீசியத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். டொலமைட் புளிப்பைக் குறைக்கும் கல் தூள், அதில் கல்சியம், மக்னீசியம் இரண்டும் உண்டு. நமக்கு அது தூரத்துச் சரக்குமில்லை, மாத்தளை, திகணைப் பக்கத்துக் கல்தான்.

வழக்கமாக இதைப் போடுவது கவ்வாத்து நேரத்தில். மண்ணைப் பரிசோதிக்காமல் போடாதீர்கள். பக்கத்துக் காணிக்காரர் ஒரு மூட்டை போட்டார் என்பது உங்கள் மண்ணுக்கு அளவாகாது. இன்னொன்று, டொலமைட்டையும் யூரியாவையும் ஒன்றாகக் கலந்து வீசினால் நைதரசன் அமோனியா வாயுவாகக் காற்றில் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் சில வார இடைவெளி விடுங்கள்.

மண் பரிசோதனை ரிப்போட்டுல பொசுபரசு நிறைய இருக்கு. ஆனா செடியைப் பார்த்தா பொசுபரசு இல்லாத மாதிரி ஊதா நிறமா நிக்குது. எது பொய்?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். சிவப்பு மண்ணில் இருக்கும் இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகள் பொசுபரசைத் தங்கள் மேற்பரப்பில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். போட்ட பொசுபரசில் முதல் போகத்தில் பயிர் எடுப்பது ஒரு சிறு பங்குதான், மீதி மண்ணோடு ஒட்டிவிடும். கரைந்திருக்கும் கொஞ்சமும் மண்ணில் மிக மெதுவாகத்தான் நகரும். வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீற்றரில் உள்ளதை எடுத்து முடித்ததும் அந்த இடம் வெறுமையாகிவிடுகிறது.

இங்கேதான் இரண்டாவது கேள்வியில் சொன்ன சேதன அமிலங்கள் வருகின்றன. சித்திரேற்று, ஒக்சலேற்று போன்றவை இரும்பையும் அலுமினியத்தையும் பற்றிக்கொண்டு பொசுபரசை விடுவிக்கின்றன. பொசுபரசைக் கரைக்கும் பற்றீரியாக்களும் இதையே செய்கின்றன. மக்கில் இருக்கும் பொசுபரசை விடுவிக்க வேரும் பங்கசும் பொஸ்பற்றேசு என்ற நொதியத்தை விடுகின்றன. இத்தனைக்கும் புதிய வேர் நுனிகள் வேண்டும். மண் இறுகிப்போயிருந்தாலோ, தண்ணீர் தேங்கினாலோ, அலுமினியம் நுனியைக் கருக்கியிருந்தாலோ ரிப்போட்டில் இருக்கும் பொசுபரசு ரிப்போட்டிலேயே இருக்கும். குளிர் மாதங்களில் நுவரெலியாவில் இந்த ஊதா நிறம் அதிகம் தெரிவதற்கும் காரணம் உண்டு: குளிரில் வேரும் நுண்ணங்கிகளும் மெதுவாகிவிடுகின்றன. அப்படியான நேரத்தில் பசளையைக் கூட்டுவதற்கு முன் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள்.

எப்பாவல பொஸ்பேற்று விலை குறைவு. தேயிலைக்குப் போடுறதை லீக்ஸுக்கும் போட்டா என்ன?

எப்பாவலவில் கிடைப்பது அபத்தைற்று என்ற பொசுபரசுக் கல், அது கரைவதற்கு அமிலமும் நாளும் வேண்டும். தேயிலை மண்ணில் இரண்டும் உண்டு, செடி பல வருடம் நிற்கும், மெதுவாகக் கிடைத்தாலும் போதும். லீக்ஸும் கரட்டும் சில மாதத்தில் முடிந்துவிடும் பயிர்கள். அதோடு மரக்கறிப் பாத்தியில் நீங்கள் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பையும் குறைத்திருப்பீர்கள். கல் கரைவதற்குள் அறுவடை வந்துவிடும்.

நல்ல பங்கசுன்னு ஒன்னு இருக்கா? எங்களுக்குத் தெரிஞ்ச பங்கசு எல்லாம் நோய்தான்.

இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நேரம் போவதே தெரியாது. வேர்ப்பூசணம் என்று சொல்லப்படும் இந்தப் பங்கசு வேரின் உள்ளே நுழைந்து, கலங்களுக்குள் சிறு மரம் மாதிரிக் கிளைத்து, இன்னொரு பக்கம் மண்ணுக்குள் இழைகளை நீட்டுகிறது. வேர் தானாக எடுக்கும் எல்லை ஒன்றிரண்டு மில்லிமீற்றர் என்று சொன்னேன் அல்லவா, இந்த இழைகள் பல சென்ரிமீற்றர் தள்ளிப் போய்ப் பொசுபரசைக் கொண்டுவருகின்றன. வேர் நுழைய முடியாத நுண்துளைக்குள்ளும் இழை நுழையும். நாகம், செம்பு போன்ற நுண்சத்துகளும் இந்த வழியில் வருகின்றன. பதிலுக்குச் செடி தன் காபனில் 4 முதல் 20 வீதம் வரை கொடுப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

தேயிலை, லீக்ஸ், கரட், போஞ்சி, உருளைக்கிழங்கு எல்லாம் இந்தப் பங்கசோடு சேரும். லீக்ஸுக்கு வேர்மயிர் மிகக் குறைவு, அதனால் அதற்கு இந்தக் கூட்டு மிகவும் தேவை. மலைச்சரிவில் நட்ட பைன் மரங்களுக்கு வேறு வகைப் பங்கசு. அது வேருக்கு வெளியே உறை மாதிரிப் போர்த்திக்கொள்ளும், பைன் வேரைக் கிளப்பினால் கண்ணுக்கே தெரியும். தேயிலையில் இருப்பதைப் பார்க்க நுணுக்குக்காட்டியும் சாயமும் வேண்டும்.

இந்தப் பங்கசுக்கு ஒத்துவராதவை மூன்று: மண்ணை அடிக்கடி கொத்திப் புரட்டுவது, வேர் இல்லாமல் காணியைச் சும்மா போடுவது, பொசுபரசை அளவுக்கு மீறிப் போடுவது. பொசுபரசு தாராளமாகக் கிடைத்தால் செடி பங்கசுக்குக் காபன் கொடுப்பதைக் குறைத்துவிடும். நுவரெலியா மரக்கறிக் காணிகள் பலவற்றில் வருடக்கணக்காகப் போட்ட பொசுபரசு சேர்ந்து கிடக்கிறது.

கோவா, பீற்றூட் இரண்டும் பங்கசோட சேராதுன்னு ஒருத்தர் சொன்னார். அப்போ அதுகளை நடக்கூடாதா?

அவர் சொன்னது சரி. கோவா, நோக்கோல், முள்ளங்கி குடும்பமும் பீற்றூட் குடும்பமும் அந்தக் கூட்டு இல்லாமலே வாழப் பழகியவை. நடுவதில் தவறில்லை. ஆனால் கோவாவுக்குப் பின் கோவா, அப்புறம் பீற்றூட் என்று போனால் அந்த மண்ணில் பங்கசுக்கு உணவு கொடுக்க யாரும் இல்லை, அது குறைந்துவிடும். பிறகு நடும் லீக்ஸ் தொடக்கத்தில் மந்தமாக நிற்கும். இடையில் போஞ்சியோ கரட்டோ வரட்டும்.

போஞ்சி வேர்ல உருண்டை உருண்டையா இருக்கு. நோயா?

பெரும்பாலும் நல்லதுதான். ஓர் உருண்டையைப் பிடுங்கி நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இரத்தம் கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் அதற்குள் றைசோபியம் பற்றீரியா காற்றில் உள்ள நைதரசனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சிவப்பு, நம் இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம். உள்ளே பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. யூரியாவை அதிகம் போட்ட பாத்தியில் உருண்டைகள் குறைவாக இருக்கும், இருப்பவையும் வெளிறியிருக்கும். சும்மா கிடைக்கும்போது செடி ஏன் பற்றீரியாவுக்குச் சீனி கொடுக்கப்போகிறது?

தேயிலைக்குள் நிழலுக்கு நிற்கும் முள்முருங்கையும் இந்த வகைதான். அதன் கிளையை வெட்டி மலையிலேயே போடச் சொல்வது, வேர் பிடித்த நைதரசன் இலை வழியாகத் தேயிலைக்கு வரட்டும் என்றுதான். வெட்டிய இலையை ஆட்டுக்குக் கொண்டுபோனால் அந்தச் சத்து ஆட்டுப்புழுக்கையில் இருக்கும், அதையாவது திருப்பிக் கொண்டுவாருங்கள்.

அதே மாதிரி உருண்டை என் கோவா வேர்லயும் இருக்கே. அதுவும் நைதரசன் பிடிக்குமா?

இல்லை. இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். கோவாவுக்கு நைதரசன் உருண்டை கிடையாது. வேர் முழுவதும் விரல் விரலாக வீங்கி, பகலில் இலை வாடி, மாலையில் தெளிந்தால் அது வேர்வீக்க நோய். அதன் வித்திகள் மண்ணில் பத்து வருடத்துக்கு மேலும் கிடக்கும். சப்பாத்திலும், மண்வெட்டியிலும், நாற்றிலும் ஒட்டிக்கொண்டு காணி விட்டுக் காணி போகும். புளிப்பு மண்தான் அதற்குப் பிடிக்கும், சுண்ணாம்பு போட்டு பீ.எச். 7 அளவுக்கு உயர்த்தினால் தாக்கம் குறையும்.

ஆனால் அதே காணியில் அடுத்ததாக உருளைக்கிழங்கு நடுவதென்றால் யோசிக்க வேண்டும். சுண்ணாம்பு கூடிய மண்ணில் கிழங்கில் சொறி நோய் வரும், அது புளிப்பில் அடங்கியிருக்கும் ஒரு பற்றீரியா. இரண்டு பயிருக்கும் ஒரே பீ.எச். பொருந்தாது. எனக்குக் கேட்டால், வேர்வீக்கம் வந்த துண்டை ஒதுக்கி, அதில் கோவா குடும்பத்தைப் பல வருடம் தொடாமல், கிழங்கை வேறு துண்டில் வைப்பேன்.

போஞ்சியிலும் வட்டப்புழுவால் வீக்கம் வரலாம். நல்ல உருண்டை வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், தட்டினால் கழன்றுவிடும். புழு வீக்கம் வேரே தடித்தது, வேரை உடைக்காமல் கழற்ற முடியாது.

பழைய தேயிலையைப் பிடுங்கிட்டு உடனே புதுக்கன்று நட்டா என்ன? குவாத்தமாலா புல்லுக்கு ஏன் இரண்டு வருசம் வீணாக்கணும்?

வீண் இல்லை. பல பத்து வருடம் ஒரே செடி நின்ற மண்ணில் அந்தச் செடியைத் தின்னும் உயிர்களே சேர்ந்திருக்கும். மலைநாட்டில் முக்கியமானது பிரட்டிலெங்கஸ் லூசி என்ற வேர்ப்புழு. நாற்றுத் தவறணையிலிருந்து வந்த கன்றின் இளம் வேர் அதற்கு நல்ல தீனி. குவாத்தமாலா, மானா போன்ற புற்களில் அது பெருகாமல் குறைந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய இலாபம் வேர். இந்தப் புற்கள் ஆழமாகவும் அடர்த்தியாகவும் வேர் விட்டு, இறுகிய மண்ணைத் துளைக்கின்றன. செத்த வேர் விட்ட துளை வழியாகத் தண்ணீரும் காற்றும் இறங்குகின்றன. வெட்டி வெட்டி மேலே போடும் புல் மக்காகிறது. தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 18 முதல் 24 மாதம் புல் வளர்க்கச் சொல்வது இதற்காகத்தான். சிறு காணிக்காரருக்கு அந்த இரண்டு வருட வருமானம் பெரிய இழப்பு, எனக்குத் தெரியும். முழுக் காணியையும் ஒரே தடவையில் பிடுங்காமல் துண்டு துண்டாகச் செய்வதுதான் வழி.

நுண்ணங்கி எல்லாம் செய்யும்னா 2021ல ஏன் தேயிலை அப்படி விழுந்துச்சு? அப்போ சேதனப் பசளைதானே போட்டோம்?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலருக்குக் குரல் மாறும், நியாயம்தான். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது, அந்த வருட நவம்பரில் தடை தளர்ந்தது. அந்த இடைவெளியிலும் அதற்குப் பிறகு வந்த விலையேற்றத்திலும் கொழுந்து குறைந்தது, பெயர் போடும் வேலை நாளும் குறைந்தது, சம்பளமும் குறைந்தது.

கணக்குப் பார்ப்போம். ஆயிரம் கிலோ தேயிலைத் தூளில் ஏறத்தாழ 40 கிலோ நைதரசன் காணியை விட்டு வெளியே போகிறது. சாதாரணக் கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை. அந்த 40 கிலோவைத் திருப்பிக் கொடுக்க மூன்று, நான்கு தொன் கூட்டெரு வேண்டும், அதுவும் முழுவதும் உடனே கிடைத்தால். கூட்டெருவில் உள்ள நைதரசன் சேதன வடிவில் கட்டுண்டிருக்கிறது. நுண்ணங்கிகள் அதை உடைத்து அமோனியமாக்க வேண்டும், முதல் வருடத்தில் விடுபடுவது ஒரு பகுதிதான். குளிர்ந்த மேல்மலையில் இன்னும் மெதுவு.

நுண்ணங்கி இல்லாத சத்தை உண்டாக்காது, றைசோபியம் மாதிரி நைதரசன் பிடிப்பவற்றைத் தவிர. இருப்பதைத் திருப்பிச் சுழற்றும். வருடக்கணக்கில் மக்குச் சேர்த்த மண்ணாக இருந்தால் அந்த அதிர்ச்சியைக் கொஞ்சம் தாங்கியிருக்கும். மேல்மண் போன சரிவில் ஒரே இரவில் மாறச் சொன்னது மண்ணுக்கும் அதில் வேலை செய்பவர்களுக்கும் செய்த அநியாயம். சேதனப் பசளை கெட்டது என்று அதிலிருந்து முடிவுக்கு வருவதும் தவறு.

மரத்தூள் சும்மா கிடைக்குது. பாத்தியில கொத்திப் போட்டேன், கரட் எல்லாம் மஞ்சளாயிருச்சு. ஏன்?

மரத்தூளில் காபன் மிக அதிகம், நைதரசன் மிகக் குறைவு. ஒரு பங்கு நைதரசனுக்குப் பல நூறு பங்கு காபன் இருக்கும். நுண்ணங்கிகளுக்கு வசதியான அளவு 25க்கு ஒன்று. குறைகிற நைதரசனை அவை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். கொத்திப் போடாமல் மண்ணின் மேலே மூடாக்காகப் போடலாம். அல்லது மாட்டெருவோடு சேர்த்துக் குவித்து மக்கவிட்டுப் போடலாம்.

நுண்ணங்கிப் போத்தல் விக்கிறாங்களே, வாங்கலாமா?

எல்லாம் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவனத்தில் பங்கசும் பற்றீரியாவும் சேர்ந்த படலப் பசளை பற்றிப் பல வருடமாக ஆய்வு நடந்திருக்கிறது. தேயிலையிலும் சோதித்திருக்கிறார்கள். ஆனால் எந்த நுண்ணங்கி, எவ்வளவு, எந்தத் திகதி வரை உயிரோடு இருக்கும் என்று எழுதாத போத்தலுக்குக் காசு கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து வரும் நுண்ணங்கி, ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கில் இருக்கும் உள்ளூர்க் கூட்டத்தோடு போட்டி போட வேண்டும். சாப்பாடு இல்லாத மண்ணில் வந்ததும் செத்துவிடும். வாங்குவதாக இருந்தால் இரண்டு வரிக்குப் போட்டு, இரண்டு வரிக்குப் போடாமல் விட்டுப் பாருங்கள்.

இரசாயனப் பசளை போட்டா மண்ணுல இருக்கிற உயிர் எல்லாம் செத்துரும்தானே?

சொன்ன அளவில் போட்டால் சாகாது. செடி செழித்தால் வேரும் கூடும், நுண்ணங்கிக்கும் சாப்பாடு கூடும். கேடு வருவது வேறு வழிகளில்: டொலமைட் பதிலில் சொன்ன புளிப்பு, பங்கசுப் பதிலில் சொன்ன பொசுபரசுக் குவிப்பு. செடியின் அடியில் கைப்பிடியாகக் கொட்டினால் அந்த இடத்து வேர் கருகும், அதனால் பரவலாகப் போட வேண்டும். காய்ந்த மண்ணில் போட்டாலும், பெருமழைக்கு முன் போட்டாலும் காசு வீண்.

கவ்வாத்துக்கு முன்னால வேரை வெட்டி அயடீன் தடவிப் பாக்குறாங்களே, அது எதுக்கு?

கவ்வாத்து வெட்டியதும் செடியில் இலை இல்லை, ஒளித்தொகுப்பு இல்லை. புதுத் தளிர் வருவது வேரில் சேமித்த மாப்பொருளில். பென்சில் தடிப்பில் ஒரு வேரை வெட்டி அயடீன் தடவினால், மாப்பொருள் இருந்தால் கருநீலமாகும். நிறம் வராவிட்டால் அந்தத் தேயிலை மலையைக் கொஞ்ச நாள் ஓய விட வேண்டும். இல்லாவிட்டால் செடி செத்துப்போகும்.

மிலாறு, அதாவது கவ்வாத்தில் வெட்டி விழும் கிளைகள் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காஸ் விலையில் விறகு இல்லாமல் அடுப்பு எரியாது, அதை எடுக்காதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. தடித்த குச்சியை எடுங்கள். இலையையும் மெல்லிய கிளையையும் மலையிலேயே விடுங்கள், நைதரசனும் பொற்றாசியமும் அதிகம் அதில்தான்.

பங்கசு நல்லதுன்னு சொன்னீங்க. எங்க மலையில வட்டமா தேயிலை செத்துக்கிட்டே போகுது, வேர் சிவப்பா இருக்கு. அதுவும் பங்கசுதானே?

அதுவும் பங்கசுதான், ஆனால் நல்லது இல்லை. வேரைக் கழுவினால் மேலே சிவப்பு இழைகள் படர்ந்திருந்தால் அது போரியா என்ற பங்கசால் வரும் சிவப்பு வேர் நோயாக இருக்கலாம். இது வேரும் வேரும் தொடும் இடத்தில் பரவுவதால்தான் வட்டமாகப் போகிறது. செத்த செடியை மட்டும் பிடுங்குவது போதாது. அதைச் சுற்றி நல்லதாகத் தெரியும் செடி வரிசையிலும் வேரைத் திறந்து பார்க்க வேண்டும். நோய் உள்ளவற்றைப் பிடுங்கி, பென்சில் தடிப்புக்கு மேற்பட்ட வேர்த் துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கி அங்கேயே எரிக்க வேண்டும். பிறகு அந்த இடத்தில் குவாத்தமாலா.

நிழல் மரங்களை வெட்டிய அடிக்கட்டைகளிலிருந்தும் இப்படியான வேர் நோய்கள் கிளம்புகின்றன. மேலே சொன்ன மாப்பொருள்தான் இங்கேயும் விசயம். வெட்டுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே மரத்தின் பட்டையை வளையமாக உரித்துவிட்டால், இலை செய்யும் சீனி கீழே இறங்காது. வேரில் இருக்கும் சேமிப்புத் தீர்ந்து, அந்தக் கட்டையில் பங்கசுக்குத் தீனி இல்லாமல் போகும். மரம் காய்ந்த பிறகு வெட்டுங்கள், முடிந்தால் கட்டையையும் கிளப்பிவிடுங்கள்.